வீட்டுக்குள் ஒரு தபாற்கந்தோர்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை நோக்கிச் செல்லும் பாதையில், வீதியை விட்டு மேலே ஏறினால் ஒரு தோட்டம். அதன் பெயர் இக்கட்டுரைக்கு அவசியமன்று. அத்தோட்டத்து மேற்கணக்கில், பழைய லயம் ஒன்றின் ஏழாம் காம்பராவில், அண்மையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னை அழைத்தவள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் ஒரு மாணவி. கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் அவளுடைய தந்தை, மகளின் படிப்புக்கென்று ஒரு ரூட்டர் வாங்கி அனுப்பியிருந்தார். அதனை ஒழுங்கு செய்து தரவேண்டும் என்பது வேண்டுகோள். தந்தை என் பழைய மாணவர், மறுக்க இயலவில்லை.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. மலையகத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளிலும் பாறைகளிலும் ஏறி நின்று பாடங்கேட்ட காலம் அது. அன்று சிறு பிள்ளையாக, அக்காமாரின் பின்னால் தேயிலைமலை உச்சிக்கு நடந்தவர்களுள் இவளும் ஒருத்தி. இனி அவள் மலை ஏற வேண்டியதில்லை; மலையுச்சியில் தேடியது மேசைக்கு வந்திருக்கிறது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம். சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின. அவள் சிறிது நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"சேர், ஏன் போன், அம்மா போன், தம்பி போன் எல்லாத்துக்கும் இந்த ஒரு பெட்டிக்குத்தானே வருது? எது யாருக்குன்னு இதுக்கு எப்படிங்க சேர் தெரியும்?"

நான் திடுக்கிட்டேன். ஏறத்தாழ இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் அவளுடைய தந்தையும் என்னிடம் இத்தகைய ஒரு கேள்வியைக் கேட்டதுண்டு. அவர் கேட்டது ரூட்டரைப் பற்றியன்று. ஒரு கடிதத்தைப் பற்றி. அதனைப் பின்னர் சொல்கிறேன். மகளின் கேள்விக்கு விடை காண்பதானால், முதலில் இப்பெட்டி செய்யும் தொழில் யாதென அறிய வேண்டும்.

நோர்வூட் சந்தியின் கைகாட்டி

ரூட்டரைத் 'திசைவி' என்றும் 'வழிச்செலுத்தி' என்றும் கலைச்சொல்லாக்கியோர் தமிழ்ப்படுத்தியுள்ளனர். இரண்டும் பொருத்தமான சொற்களே. வருகின்ற ஒன்றை, அது போகவேண்டிய திசையை நோக்கித் திருப்பிவிடுவதே இதன் தொழில்.

கணினி ஒன்று இன்னொரு கணினிக்கு எதனை அனுப்பினாலும், அதனை முழுதாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பகுத்து அனுப்புகிறது. ஒரு பொதியில் வழக்கமாக 1,500 எண்மங்களுக்கு மேல் இடமில்லை. முப்பது இலட்சம் எண்மங்கள் கொண்ட ஒரு புகைப்படம் ஏறக்குறைய இரண்டாயிரம் பொதிகளாகப் புறப்படும். ஒவ்வொரு பொதியின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய இரண்டும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இதனையே ஐ.பி. முகவரி என்கிறோம்.

இனி, நோர்வூட் சந்தியை நினைவுகூருங்கள். ஹட்டனிலிருந்து வரும் வீதி அங்கே இரண்டாகப் பிரிகிறது: ஒன்று மஸ்கெலியாவுக்கு, மற்றொன்று பொகவந்தலாவைக்கு. அச்சந்தியிலே நிற்கும் ஒரு கைகாட்டிக்கு மலையகத்து வீதிகள் அனைத்தும் தெரியவேண்டியதில்லை. 'மஸ்கெலியாவுக்கு இப்பக்கம், பொகவந்தலாவைக்கு அப்பக்கம்' என்று சொன்னால் போதும். சிவனொளிபாதமலை அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்குப் போகிறவரும் மஸ்கெலியாப் பாதையில் திரும்பினாற் போதும். எஞ்சியதை மஸ்கெலியாவிற் கேட்டுக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்கோ இலண்டனுக்கோ போகிறவராயின், நோர்வூட்டில் அவருக்கு ஒரே விடைதான்: 'ஹட்டன் பக்கம் போங்கள்.'

ரூட்டரின் உள்ளிருக்கும் வழியட்டவணை இத்தகையதே. இன்ன எண்ணில் தொடங்கும் முகவரிகளுக்கு இன்ன வாசல் என்று அதில் எழுதியிருக்கும். ஒரே பொதிக்குப் பொருந்தும் வரிகள் இரண்டு இருப்பின், அவற்றுள் எது மிகக் குறிப்பான இடத்தைச் சுட்டுகிறதோ அதனையே அது கொள்ளும். எதிலும் அகப்படாத பொதிக்கு 'ஹட்டன் பக்கம்' என்பது போன்ற இயல்பான வழி ஒன்று உண்டு. உலகத்தின் எந்த ரூட்டரும் ஒரு பொதியின் முழுப் பயணத்தையும் நடத்திவைப்பதில்லை. அடுத்த கை எது என்பதை மட்டும் அது அறியும். அந்தக் கையிற் கொடுத்துவிட்டு மறந்துவிடும்.

வழி தெரியாமற் சுற்றித் திரியும் பொதிகளுக்கும் ஒரு முடிவு வகுத்திருக்கிறார்கள். புறப்படும்போதே ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுள் எண் இடப்படுகிறது; 64 என்பது பெருவழக்கு. கடக்கும் ரூட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானதும் பொதி கைவிடப்படும். காணாமற்போனதை உணர்ந்த கணினி மறுபடியும் ஒன்றை அனுப்பிவைக்கும்.

ஈரெழுத்தில் தொடங்கிய வரலாறு

இக்கருத்து பிறந்தது 1960 களில். அமெரிக்காவில் போல் பாரன் என்பவரும், பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தனர். நடுநாயகமாக ஒரு நிலையம் இருந்து அனைத்தையும் ஆளுமாயின், அந்நிலையம் வீழ்ந்தால் யாவும் வீழும். ஆகவே நடுவென்று ஒன்று வேண்டாம். ஒவ்வொரு சந்தியும் தன் அளவில் தீர்மானிக்கட்டும் என்றார் பாரன். கித்துல்கலைப் பாதையில் மண் சரிந்தால், ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் வண்டி கினிகத்தேனையில் நாவலப்பிட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறதல்லவா? சாரதி இதற்காகக் கொழும்பிலிருந்து உத்தரவை எதிர்பார்ப்பதில்லை. அதுவே தத்துவம்.

1969 அக்டோபர் 29 ஆந் தேதி, கலிபோர்னியாவின் இரு நிலையங்களுக்கிடையே முதற்செய்தி சென்றது. இரு பக்கமும் அலுமாரி அளவில் நின்ற இரு யந்திரங்கள் அதனைக் கைமாற்றின. இன்றைய ரூட்டரின் பாட்டன்மார் அவையே. ஆங்கிலத்தில் 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். முதலிரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்ததும் கணினி செயலிழந்தது. உலகை இணைத்த வலையின் முதல் வாசகம் ஈரெழுத்தோடு நின்றது! விண்டன் சேர்ஃப், ரொபேட் கான் ஆகிய இருவர் 1974 இல் வகுத்தளித்த பொதுவிதிகளை ஆதாரமாகக் கொண்டு, 1983 ஜனவரி முதலாந் தேதி அவ்வலை முழுவதும் இன்றைய முறைக்கு மாறியது.

சந்திகளுக்கு வழி தெரிவது எப்படி? இரு முறைகள் உண்டு. முதலாவது, அயலார் சொற்கேட்டல். 'அந்த ஊருக்கு என் வழியாக மூன்று சந்திகள்' என்று பக்கத்து ரூட்டர் சொல்ல, 'அப்படியானால் எனக்கு நான்கு' என்று இது குறித்துக்கொள்ளும். இம்முறையிற் பழையதொன்றில் 15 சந்திகளுக்கு அப்பாலுள்ள இடம் எட்டாத இடமென்றே கொள்ளப்படும். இரண்டாவது, ஒவ்வொரு ரூட்டரும் வலையின் படத்தை முழுதாக வரைந்து, குறுகிய வழியைத் தானே கணித்துக்கொள்வது. இக்கணிப்பு முறையை 1956 இல் ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கோப்பிக் கடையில் அமர்ந்து, தாளும் பென்சிலுமின்றி இருபது நிமிடங்களிற் கண்டதாகக் கூறியிருக்கிறார். 1959 இல் அது அச்சேறியது.

நாடுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் இடையிலான சந்திகளில் நம்பிக்கையே முதல். ஒருவர் 'இந்த முகவரிக்கு வழி என்னிடம்' என்று அறிவித்தால் மற்றையோர் பெரும்பாலும் அதனை ஏற்றுக்கொண்டு வந்தனர். 2008 பெப்ரவரி 24 இல் பாகிஸ்தானின் தொலைபேசி நிறுவனம், தன் நாட்டினுள் யூடியூப்பைத் தடுக்கும் நோக்கத்துடன் ஒரு பொய் வழியை எழுதிவைத்தது. அவ்வறிவிப்பு எல்லை கடந்து உலகெங்கும் பரவியது. உண்மையானதைக் காட்டிலும் அது குறிப்பான வழியாக இருந்தமையால் ரூட்டர்கள் அதனையே நம்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பாகங்களில் யூடியூப் மறைந்துவிட்டது. ஒரு சந்தியிற் கைகாட்டியைத் திருப்பிவைத்தால் ஊர் முழுவதும் வழிதவறும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

வழிதவறிய கடிதம்

நிற்க. இதுவரை கூறியன பெருஞ்சந்திகளின் கதை. நம் வீட்டு மேசையிலுள்ள பெட்டிக்கு இவற்றோடு இன்னுமொரு தொழிலும் உண்டு. மாணவி கேட்டது அதனையே. இங்கேதான் அந்தக் கடிதத்தின் கதை வருகிறது.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. லயத்துக்கு இலக்கம் உண்டு. காம்பராவுக்கும் இலக்கம் உண்டு. ஆனால் அவ்விலக்கங்கள் தோட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகுக்குத் தெரிந்த விலாசம் ஒன்றே: பெயர், தோட்டம், ஹட்டன். கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து போகும்.

என் மாணவர் கல்வியை முடித்து ஓர் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் கொழும்பிற் புறப்பட்டு, மூன்றாம் நாளே ஹட்டனை அடைந்துவிட்டது. தபால் முத்திரை அதற்குச் சாட்சி. தோட்டத்தில் அவரது பெயரும் முதலெழுத்தும் கொண்ட இன்னொருவர் கீழ்க்கணக்கில் இருந்தார். கடிதம் கீழ்க்கணக்குக்குப் போயிற்று. அம்மனிதர் அப்பொழுது ஊரில் இல்லை. கடிதம் ஒரு தட்டில் உறங்கியது. உரியவர் கைக்கு அது வந்துசேர்ந்தபோது, நேர்முகப் பரீட்சை முடிந்து ஐந்து நாட்கள் கழிந்துவிட்டன.

கடிதத்தைக் கையிற் பிடித்தபடி அவர் என் வீட்டு வாசலில் நின்ற கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் அழவில்லை, எவரையும் ஏசவுமில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கொழும்பிலேருந்து ஹட்டன் வரைக்கும் வழி தெரிஞ்ச கடிதத்துக்கு, இந்த நாலு மைல் தெரியாமப் போச்சுங்களே சேர்?"

அன்று என்னிடம் விடையில்லை. அடுத்த மாதம் அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் புறப்பட்டுப் போனார்.

பெட்டியின் குறிப்பேடு

இப்போது பெட்டியைப் பார்ப்போம். ஐ.பி. முகவரி முதலில் வகுக்கப்பட்டபோது அது 32 இருமக் குறிகளால் ஆனது. அதிற் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறக்குறைய 429 கோடி. உலக மக்களின் தொகையோ இன்று 800 கோடிக்கு மேல். 2011 பெப்ரவரி 3 இல், உலகுக்குப் பொதுவான கையிருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. இந்தப் பஞ்சம் வருமென்பதை அறிஞர்கள் முன்கூட்டியே உணர்ந்து, 1994 இல் ஓர் உபாயம் வெளியிட்டனர். வீட்டினுள் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரி போதும். உள்ளே இருப்பவற்றுக்கு உள்ளூர் இலக்கங்களைக் கொடுக்கலாம் என்பதே அது. 192.168 என்று தொடங்கும் எண்களும் வேறு சில வரிசைகளும் இதற்கென ஒதுக்கப்பட்டமை 1996 இல் உறுதியாயிற்று. இந்த எண்கள் உலகத்துக் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் வழங்குகின்றன, குழப்பமில்லை. எல்லாத் தோட்டங்களிலும் ஏழாம் காம்பரா உண்டல்லவா?

மாணவியின் கைபேசி ஒரு பாடத்தைக் கேட்டுப் பொதியொன்றை அனுப்புகிறது. அதில் அனுப்புநர் முகவரி 192.168.1.5 என்றிருக்கும். அவ்வெண் வெளியே செல்லாது. ஆகவே ரூட்டர் அதனை அழித்துத் தன் வெளிமுகவரியை எழுதுகிறது. எழுதும்போது கூடவே ஒரு குறியெண்ணையும் இடுகிறது; 65,535 வரை அதற்கு எண்கள் உண்டு. பின்னர், 'இந்தக் குறியெண்ணோடு வரும் பதில் 192.168.1.5 க்குரியது' என்று தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. தாயின் கைபேசிக்கு வேறொரு குறியெண். பதில் வரும்போது குறியெண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டைப் புரட்டி உரியவரிடம் சேர்க்கிறது. ஒரே தளத்தை ஒரே கணத்தில் வீட்டில் நால்வர் திறந்தாலும் தவறு நேர்வதில்லை.

"அப்பா கடிதத்துக்கு யாரும் இந்த மாதிரி நம்பர் போடலீங்க, இல்லீங்களா சேர்?" என்றாள் மாணவி. தந்தையின் கதை அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது.

ஆம். பெயர் ஒன்றாயிருப்பது குற்றமன்று. பெயருக்கு அடுத்து ஓர் எண்ணும், அந்த எண்ணைப் பதிய ஒரு குறிப்பேடும் இல்லாமற்போனதே குற்றம்.

எனினும் இவ்வுபாயத்தில் ஒரு குறையுண்டு. அதனையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். உள்ளிருப்பவர் முதலில் எழுதினால்தான் குறிப்பேட்டில் வரி விழும். வரி விழுந்தால்தான் பதில் உள்ளே வரும். வெளியிலிருந்து ஒருவர் தாமாக முதலில் அழைக்க வழியில்லை. அழைத்தால் எவருக்குரியதென்று தெரியாமல் ரூட்டர் அதனைத் தள்ளிவிடும். அவ்வாறாயின் கைபேசிக்கு அழைப்புக்கள் எங்ஙனம் வருகின்றன? கைபேசியே இடையறாது வெளியிலுள்ள ஒரு நிலையத்தோடு தொடர்பைத் திறந்து வைத்திருக்கிறது. அத்திறந்த வழியால் அழைப்பு வந்து சேர்கிறது. வேண்டுமானால், 'இந்தக் குறியெண்ணுக்கு வருவதெல்லாம் இன்ன கருவிக்கு' என்று நிரந்தரக் கட்டளை ஒன்றை எழுதிவைக்கவும் முடியும். ஆனால் சிம் அட்டையால் இயங்கும் 4ஜி ரூட்டர்களிற் பெரும்பாலும் அதுவும் பயன்படாது. நம் பெட்டிக்கு மேலே நிறுவனத்தார் இன்னொரு பெரும் பெட்டியை வைத்து, பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடக்கியிருப்பர்.

முகவரி இல்லாதவன் எப்போதும் தானே முதலிற் குரல் கொடுக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அதற்காக மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு இதன் பொருளை யான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒழுங்கு செய்யும் முறை

தத்துவம் போதும், வேலைக்கு வருவோம். அன்று நாங்கள் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன். பெட்டிக்குப் பெட்டி சொற்கள் மாறலாம், முறை ஒன்றே.

முதலில் இடம். தகரம் வானொலி அலையை மறைக்கும். பெட்டியைக் காம்பராவின் உள்மூலையில் வைத்தபோது அது காட்டிய சிக்னல் அளவு மறை 112. ஹட்டன் பக்கம் பார்த்த யன்னலருகே வைத்தபோது மறை 97. இவ்வளவு மறை எண்ணாகக் காட்டப்படும்; பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலிதென்று கொள்க. ஏழடி நகர்த்தியதிற் கிடைத்த இலாபம் இது. மழைத்தூவானம் படாமலும் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, பெட்டியின் அடியிலுள்ள சிட்டை. அதில் வலையின் பெயர், அதன் கடவுச்சொல், பெட்டியின் உள்முகவரி ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். உள்முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. கைபேசியைப் பெட்டியின் வைபை வலையில் இணைத்து, இணைய உலாவியில் அவ்வெண்ணை எழுதினால், பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறக்கும்.

மூன்றாவது, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல். இதுவே தலையாயது. வைபை கடவுச்சொல் வீட்டுத் திறப்பு என்றால், நிர்வாகக் கடவுச்சொல் அலுமாரித் திறப்பு. இரண்டும் வெவ்வேறாயிருத்தல் வேண்டும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் ஊரறிந்த இரகசியம். 2016 இல் 'மிராய்' என்னும் தீநிரல், அறுபதுக்கு மேற்பட்ட அத்தகைய பழஞ்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்த்தே உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் அடிமைகொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 இல் அந்தப் படையைக் கொண்டு நடந்த தாக்குதலால் அமெரிக்காவிற் பெருந்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தம் பெட்டி அப்படையிற் சேர்ந்திருந்தது உரிமையாளர் பலருக்குத் தெரியவே தெரியாது.

நான்காவது, வலையின் பெயரும் கடவுச்சொல்லும். பெயரில் வீட்டாரின் பெயரோ தொலைபேசி எண்ணோ வேண்டாம். பாதுகாப்பு முறைக்கு 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது '3' என்பதையே தெரிவுசெய்க; 'டபிள்யூ.இ.பி.' என்னும் பழைய முறை உடைந்த பூட்டு. கடவுச்சொல்லைக் குறைந்தது பன்னிரண்டு எழுத்துக்களில், தொடர்பற்ற சொற்களை அடுக்கி அமைத்தல் நன்று. ஒரு பொத்தானை அழுத்தியதும் கருவியை இணைக்கும் வசதி இருப்பின் அதனை நிறுத்திவிடலாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் படிக்க வருவார்கள் என்றாள் மாணவி. அவர்களுக்கென விருந்தினர் வலை ஒன்றைத் தனியாகத் திறந்தோம்.

ஐந்தாவது, அலைவரிசை. 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவருக்கு அஞ்சும். காம்பராவுக்கு அப்பால் இஸ்தோப்பிலும் இருந்து படிக்க முதலாவதே தக்கது. அக்கம்பக்கத்திற் பல பெட்டிகள் இருப்பின், 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்க. இம்மூன்றும் ஒன்றின்மேலொன்று படிவதில்லை.

ஆறாவது, உள்ளூர் இலக்கம் வழங்கும் பகுதி. புதிதாக வரும் கருவிக்குப் பெட்டி தானே ஓர் இலக்கத்தைத் தவணை முறையில் அளிக்கும். இன்ன எண் முதல் இன்ன எண் வரை என்று அங்கே எழுதியிருக்கும். பெரும்பாலும் அதனை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பார்த்துப் புரிந்துகொள்வது நல்லது. நம் லயத்தின் பெயர்ப்பதிவேடு அதுவே.

ஏழாவது, தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்தி, பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்க. இவை யாவும் முடிந்தபின், புதிய கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்கலாம். மறந்துபோயின், பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி வரை அழுத்தினால், அது தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பும். பின்னர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. இடிமுழக்கக் காலத்தில் மின்தொடர்பைக் கழற்றி வைக்க மறவாதீர்.

அந்த நாலு மைல்

வேலை முடிய இருட்டிவிட்டது. தேநீர் வந்தது. அப்போது மாணவியின் கைபேசி ஒலித்தது. கொழும்பிலிருந்து தந்தை. கடையின் பின்புறத்தில், மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசுகிறார். முகம் தெளிவாகத் தெரிந்தது, தலை நரைத்திருந்தது. அவருடைய முகத்தைச் சுமந்துவந்த ஆயிரமாயிரம் பொதிகளுள் ஒன்றேனும் கீழ்க்கணக்குக்குப் போகவில்லை.

"சரியா வந்து சேருதுங்களா சேர்?" என்று கேட்டார்.

"வந்து சேருது அப்பா!" என்றாள் மகள், எனக்கு முந்தி.

ஒருகால் அவருடைய பழைய கேள்விக்கு என்னிடம் இப்போது விடை உண்டு எனலாம். நாலு மைலைக் கடக்கத் தெரியாமற்போனது தூரத்தினாலன்று. கடைசிச் சந்தியில் நிற்பவர், உள்ளே வாழும் ஒவ்வொருவரையும் ஓர் எண்ணாகவேனும் வேறுபிரித்து அறிந்திருக்கவில்லை. பத்து விரல்களுக்குள் அடங்கும் ஒரு பெட்டிக்கு வகுக்கப்பட்ட அந்த ஒழுங்கு, பல்லாயிரம் மனிதருக்கு வகுக்கப்படவில்லை.

புதிய ஐ.பி. முறை 128 இருமக் குறிகளால் ஆனது. அதிலடங்கும் முகவரிகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். உலகத்து ஒவ்வொரு கைபேசிக்கும், மின்விளக்குக்குங்கூட, எங்கும் செல்லுபடியாகும் தனி முகவரி கொடுத்தாலும் அது தீராது. அம்முறை பரவிவருகின்றது. ஏழாம் காம்பராவின் கைபேசி உலகறிந்த தனி முகவரியைப் பெறும் நாள் தொலைவிலில்லை. அதனைக் கையில் வைத்திருக்கும் பெண்ணின் கதவுக்கோ, இன்றும் பல லயங்களிற் போலவே, தனி விலாசம் இல்லை. கருவிக்குக் கிடைப்பது மனிதருக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையகப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இரண்டு மாணவரேனும் இப்பெட்டியைத் திறந்து ஒழுங்கு செய்யப் பழகட்டும். அது கைத்தொழில் மாத்திரமன்று. ஒரு பொதி உரியவரைச் சேர்வதற்கு என்னென்ன வேண்டுமென்று அறிந்த பிள்ளை, ஒரு கடிதம் உரியவரைச் சேராதபோது வாளாவிருக்க மாட்டாது.